சுவரில் மாட்டிய அடுப்பு

நல்லகாமன் எந்த வீட்டிலும் தனக்குத் தெரியாது என்று சொன்னதில்லை. "பாத்துருவோம்" என்பான். கோச்சடையின் அந்த நாலைந்து தெருக்களில் கேஸ் அடுப்பு மஞ்சளாக எரிந்தாலும், குமிழ் இறுகிக்கொண்டாலும், ரப்பர் குழாயில் வாசனை வந்தாலும் அவனுக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். காலை ஒன்பது மணிக்குக் கீழக்குயில்குடியிலிருந்து மொபெட்டில் வருவான். பின்னால் ஒரு தகரப் பெட்டி. அதில் இரண்டு ஸ்பேனர், சில ஊசிகள், கிரீஸ் டப்பா, தேய்ந்த பல் பிரஷ். பெரும்பாலான கோளாறுகளுக்கு ஊசியும் பிரஷும் போதும்.

எட்டாவது வரை படித்தவன். இருபத்தைந்து வயதில் ஒரு கேஸ் ஏஜென்சியில் சிலிண்டர் தூக்கச் சேர்ந்தான். சிலிண்டரை மாட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைத்துக் காட்ட வேண்டும். அப்படிக் காட்டியதில் அடுப்பு பழகியது. முதுகு வலி வந்து தூக்குவதை விட்ட பிறகு அதுவே தொழிலாயிற்று. ஊரில் அவனை அடுப்புக்காரன் என்றார்கள். கோச்சடையில் மெக்கானிக். மூத்த மகளைப் பள்ளியில் சேர்த்தபோது, தகப்பன் தொழில் என்ற இடத்தில் மெக்கானிக் என்று எழுதச் சொன்னான். எழுதிய பிறகு அதைப் படித்துக் காட்டவும் சொன்னான்.

வெங்கடசுப்பிரமணியன் வீட்டுக்குப் பதினொரு வருடமாகப் போகிறவன். சௌராஷ்டிரர்கள். அவர் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ரங்கநாயகி. இருவரும் தங்களுக்குள் தங்கள் மொழியில் பேசுவார்கள். நல்லகாமன் உள்ளே வந்ததும் பாதி வாக்கியத்தில் தமிழுக்கு மாறிவிடுவார்கள். அது அவனுக்குப் பிடித்திருந்தது. தன்னை மதிக்கிறார்கள் என்பதற்கு வேறு அத்தாட்சி அவன் தேடவில்லை.

2003 ஐப்பசியில் அவர்கள் மகள் ஸ்வப்னா முதல் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பெங்களூரில் வேலையிலிருந்த மகன் விஜய்ஆனந்த், கேஸில் வெந்நீர் போடும் ஹீட்டர் ஒன்றை வாங்கி அனுப்பினான். பிள்ளை பெற்றவளுக்கு நிறைய வெந்நீர் வேண்டும், அம்மா அண்டாவைத் தூக்கி அலைய வேண்டாம் என்று. சுவரில் மாட்டும் வெள்ளைப் பெட்டி. குழாயைத் திறந்தால் தானே பற்றிக்கொள்ளும். மூடினால் அணைந்துவிடும்.

அப்படி ஒரு சாமானை நல்லகாமன் அதுவரை தொட்டதில்லை. மாட்ட முடியுமா என்று கேட்டபோது, இதுவும் ஒரு அடுப்புத்தானே சார், பாத்துருவோம் என்றான். குளியலறைக்குள் சுவரில் நாலு துளை போட்டு மாட்டினான். பிளம்பர் மருது தண்ணீர்க் குழாய் இழுத்துக் கொடுத்தான். கூட வந்த ஆங்கிலப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நல்லகாமன் வெங்கடசுப்பிரமணியனிடம் நீட்டினான். அவர் அதை வாரண்டி அட்டையோடு பீரோவில் வைத்தார். இரண்டு பெரிய பேட்டரிகளைப் போட்டுக் குழாயைத் திறந்ததும், டிக் டிக் என்று பொறி தட்டி, சிறிய கண்ணாடித் துளை வழியே நீலமாக எரிவது தெரிந்தது. ரங்கநாயகி நீரில் கையை வைத்துச் சட்டென்று இழுத்துக்கொண்டு சிரித்தாள். அந்தத் தெருவில் முதல் கேஸ் ஹீட்டர் அது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்தார்கள்.

"சுவத்துல அடுப்ப மாட்டிப்புட்டியே மாப்ள. இனி கூரையில ஒண்ணு மாட்டுவ" என்றான் மருது.

ஸ்வப்னாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பதினோராம் நாள் தொடங்கி அவளைக் குளிப்பாட்டச் சின்னத்தாய் வந்தாள். வைகைக் கரையோரம் குடியிருந்தவள். ஐம்பதைத் தாண்டியிருந்தாள். அந்தப் பக்கத்தில் பிள்ளை பெற்றவர்களைக் குளிப்பாட்டுவதுதான் முப்பது வருடமாக அவள் வேலை. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, இடுப்பிலும் அடிவயிற்றிலும் பொறுக்கும் சூட்டில் நீரை அறைந்து ஊற்றுவாள். முக்கால் மணி நேரம் ஆகும். நாற்பது நாள். அவள் கை பட்ட உடம்பு கட்டுவிடாது என்று பெயர்.

நாலாம் நாள் ஹீட்டர் எரியவில்லை என்று நல்லகாமனுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

அவன் போய்க் குழாயைத் திறந்தான். எரிந்தது. பேட்டரி பலவீனமாக இருக்கும் என்று சொல்லிப் புதிதாகப் போட்டுவிட்டு வந்தான். மறுநாளும் ஆள் வந்தது. இந்த முறை தண்ணீர் நுழையும் இடத்தில் இருந்த வலையைக் கழற்றினான். போர்த் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. அதைச் சுரண்டிக் கழுவினான். ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டினான். தொட்டியிலிருந்து தண்ணீர் வேகமாக வருகிறதா என்று வாளி வைத்துப் பார்த்தான். பிறகு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, ஹீட்டருக்கு எதிரே உட்கார்ந்து கால் மணி நேரம் எரியவிட்டான். ஒரு முறைகூட நிற்கவில்லை.

அதற்கு மறுநாள் பாதிக் குளியலில் நின்றுபோயிற்று. உடம்பெல்லாம் எண்ணெயோடு ஸ்வப்னா உட்கார்ந்திருக்க, ரங்கநாயகி அடுப்பில் தண்ணீர் காய வைத்துத் தூக்கிக்கொண்டு போனாள்.

"நீங்க வந்தா எரியுது. நீங்க போனா நிக்குது" என்றாள் நல்லகாமனிடம். அவள் குரலில் கோபம் இல்லை. வெங்கடசுப்பிரமணியன் அவளிடம் ஏதோ சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இருவரும் தமிழுக்கு மாறவில்லை. அது தன்னைப் பற்றித்தான் என்று நல்லகாமன் நினைத்துக்கொண்டான். பெங்களூரிலிருந்து போன் வந்தது. ரிசீவரை அவர் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்திருந்ததால் விஜய்ஆனந்தின் குரல் கூடத்துக்கே கேட்டது. அடுப்பு ரிப்பேர் செய்கிற ஆளையா விட்டீர்கள் என்று கேட்டான்.

குளிக்கும்போது உள்ளே என்ன செய்கிறீர்கள் என்று நல்லகாமன் கேட்டிருக்க வேண்டும். ஆனால் பிள்ளை பெற்றவளின் குளியலைப் பற்றி ஓர் ஆண், அதுவும் வேலைக்கு வந்தவன், கேட்பதில்லை. வீட்டுப் பெண்களும் சொல்வதில்லை. அவன் வரும் நேரம் ஸ்வப்னா பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டிருப்பாள். சின்னத்தாய் வேலை முடிந்து போயிருப்பாள். குளியலறையின் கதவும், மேலே வென்டிலேட்டரும் திறந்து கிடக்கும்.

குளியலின்போது நடந்தது வேறு. பச்சை உடம்பில் காற்று படக்கூடாது. சின்னத்தாய் உள்ளே போனதும் வென்டிலேட்டரில் பழைய சேலை ஒன்றைத் திணித்து அடைப்பாள். கதவைத் தாழிட்டு அடியில் சாக்கைப் போடுவாள். முடிந்ததும் இரண்டையும் எடுத்து மடித்து வைத்துவிட்டுப் போவாள். முப்பது வருடமாக எல்லா வீட்டிலும் அப்படித்தான். அந்த வீடுகளில் வெந்நீர் வெளியே காய்ந்து உள்ளே வந்தது. இந்த வீட்டில் நெருப்பே உள்ளே இருந்தது. அடைத்த அறையில் போக்கிடம் இல்லாமல் பெட்டியின் மேல்தட்டில் சூடு தேங்கும். அங்கே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சாமான் இருந்தது. சூடு மிஞ்சினால் அது கேஸை நிறுத்திவிடும். ஹீட்டர் கெடவில்லை. செய்ய வேண்டியதைத்தான் செய்துகொண்டிருந்தது.

மூன்றாம் முறை நல்லகாமன் மூடியைக் கழற்றினான். வெங்கடசுப்பிரமணியன் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கு முன் அவர் நின்று பார்த்ததில்லை. மேல்தட்டில் அந்தப் பொத்தானும் அதிலிருந்து வரும் இரண்டு ஒயர்களும் கண்ணில் பட்டன. ஓர் ஒயரை உருவிவிட்டுக் குழாயைத் திறந்தான். பற்றவில்லை. இரண்டு ஒயர்களின் முனையையும் தொட்டுப் பிடித்தான். பற்றியது. நிறுத்துவது இதுதான் என்று புரிந்தது.

எதற்கு நிறுத்துகிறது என்று புரியவில்லை. காரணம் இல்லாமல் எவனும் இரண்டு ஒயர் இழுத்து ஒரு சாமானை வைக்கமாட்டான் என்பது அவனுக்குத் தெரியும். கையில் ஒயரோடு சற்று நேரம் நின்றான்.

"தெரிஞ்சிருச்சா?" என்றார் வெங்கடசுப்பிரமணியன்.

"தெரிஞ்சிருச்சு சார். ஒரு சாமான் போயிருச்சு. டைரக்ட் குடுத்துர்றேன். இனி நிக்காது."

ஒயர்களைச் சேர்த்து முறுக்கி டேப் சுற்றினான். ரங்கநாயகி காபி கொடுத்தாள். தமிழில் பேசினாள். அவன் சொன்னது பொய்யாகவில்லை. ஹீட்டர் அதற்குப் பிறகு நிற்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு அவன் அடுத்த தெருவில் ஓர் அடுப்பைப் பிரித்துப் போட்டிருந்தான். வெங்கடசுப்பிரமணியன் வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று யாரோ சொல்லிக்கொண்டு ஓடினார்கள். ஸ்பேனரைக் கீழே வைக்காமல் அவனும் ஓடினான். கூடத்தில் ஸ்வப்னாவைப் போர்வையில் சுற்றிப் படுக்க வைத்திருந்தார்கள். கண் செருகியிருந்தது. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சின்னத்தாய் குளியலறைப் படியில் நனைந்த சேலையோடு உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. நீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே பெண்ணின் தலை தொங்கியிருக்கிறது. தனக்கும் கண் இருட்டியதாம். தாழ்ப்பாளைத் தேடிப் பிடித்துத் திறந்து, பெண்ணின் கக்கத்தில் கை கொடுத்து இழுத்துக்கொண்டு வந்து விழுந்திருக்கிறாள்.

வெங்கடசுப்பிரமணியனும் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியும் ஸ்வப்னாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பச்சைக் குழந்தை வீட்டில் இருந்ததால் ரங்கநாயகி போக முடியவில்லை. குளியலறைக்குள் போய்ப் பார்த்தவள் வென்டிலேட்டரில் இருந்த சேலையை இழுத்தாள். அது வர நேரமாயிற்று. அதைக் கொண்டுவந்து சின்னத்தாயின் முன் போட்டாள்.

"எம்பொண்ணக் கொன்னுருப்பியே" என்றாள். "மூச்சு விட ஓட்டை வைக்காம அடைச்சு வச்சிருக்கியே."

"காத்துப் படக் கூடாதும்மா" என்றாள் சின்னத்தாய். கூடியிருந்த பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். சின்னத்தாய் எழுந்திருக்கப் பார்த்து மறுபடி உட்கார்ந்தாள். நல்லகாமன் ஸ்பேனரோடு அங்கேயே நின்றான்.

ரங்கநாயகி அவனைப் பார்த்தாள். ஹீட்டரில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள்.

அவன் உள்ளே போனான். மூடியைக் கழற்றினான். டேப்பைப் பிரித்து, முறுக்கிய ஒயர்களைப் பிரித்து, பழையபடி பொத்தானில் செருகினான். டேப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மூடியை வைத்து நாலு திருகாணியையும் முடுக்கினான்.  

"ஹீட்டர்ல ஒண்ணுமில்லம்மா" என்றான்.

ஆஸ்பத்திரியில் கேட்டபோதும் வீட்டார் அதையே சொன்னார்கள். மெக்கானிக் பார்த்துவிட்டார், ஹீட்டரில் கோளாறு இல்லை என்று. அடைத்த அறையில் கெட்ட காற்றைச் சுவாசித்ததால் வந்தது என்றார் டாக்டர். இரண்டு நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். மூன்றாம் நாள் ஸ்வப்னா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

சின்னத்தாயை அதன் பிறகு அந்தத் தெருக்களில் யாரும் கூப்பிடவில்லை. அப்போது குளிப்பாட்டிக்கொண்டிருந்த இரண்டு வீட்டிலும் போதும் என்றார்கள். சேலையை அடைத்துப் பெண்ணைக் கொல்லப் பார்த்தவள் என்று பேச்சு. அடுப்பு பார்க்கப் போன இடங்களில் நல்லகாமனிடமும் கேட்டார்கள், நீங்கள் அங்கேதானே இருந்தீர்கள் என்று. "ம்" என்பான். பர்னரை முகத்துக்கு நேரே தூக்கி ஊதுவான். வீட்டில் சரியாகச் சாப்பிடுவதில்லை. மனைவி சோணையம்மாள் என்ன என்று கேட்டாள். அவளை ஏசினான்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு மதியம், கட்டிக்கொண்டிருந்த மாடி வீடு ஒன்றில் சின்னத்தாயைப் பார்த்தான். சும்மாடு வைத்துக் கலவைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு சாரப் பலகையில் ஏறிக்கொண்டிருந்தாள். அவளைவிட இருபது வயது குறைந்த பெண்கள் முன்னால் ஏற, அவள் நின்று நின்று ஏறினாள். நல்லகாமன் மொபெட்டைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். மறுநாளும் அதற்கு மறுநாளும் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனான். மூன்றாம் நாள் அந்தக் கட்டடத்துக்குப் போனான்.

சாப்பாட்டு நேரம். அவள் மணல் குவியலுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவன் நின்றபடியே சொன்னான். பொத்தான், ஒயர், டேப், திரும்பச் செருகியது எல்லாவற்றையும் சொன்னான். அவளுக்கு அந்தச் சாமான் பற்றிப் புரிந்திருக்காது. கடைசியாகச் சொன்னது புரிந்தது.

"நான் ஏச்சு வாங்கயில நீ அங்கனதான நின்ன?"

"ஆமாக்கா."

"ஸ்பேனரக் கையில வச்சுக்கிட்டு."

"ஆமா."

அவள் டிபன் பாக்ஸை மூடினாள்.

"அம்புட்டுப் பேரும் காறித் துப்பாத கொறையாப் பேசுனாக. நான் உன்னையத்தான் பாத்தேன். நம்மள மாதிரி வேலைக்கு வந்தவன், ஒரு வார்த்த சொல்லுவான்னு. நீ உள்ள போயி ஒண்ணுமில்லைன்ட்ட."

அவள் டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்தாள்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? நானா எனக்கு வேல குடுக்கப் போறேன்? எந்தெந்த வாசல்ல என்னைய வேணாம்னாகளோ அந்த வாசல்ல போயிச் சொல்லு."

விரல் மடக்கி ஐந்து வீட்டைச் சொன்னாள். ஐந்தும் அவன் அடுப்பு பார்க்கிற வீடுகள்.

முதலில் வெங்கடசுப்பிரமணியன் வீட்டுக்குப் போனான். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. ஸ்வப்னா குழந்தையோடு கூடத்தில் இருந்தாள். அவன் வந்தால் உள்ளே போகிறவள் அன்று போகவில்லை. அவன் பேச ஆரம்பித்ததும் குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். சொல்லி முடித்ததும் வெங்கடசுப்பிரமணியன் எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்து அந்தப் புத்தகத்தை எடுத்து வந்தார். பிளாஸ்டிக் உறையைக் கிழித்தார். நின்றபடியே புரட்டினார். நாலாம் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"குளிக்கிற ரூமுக்கு வெளிய மாட்டணும்னு போட்டிருக்கு" என்றார். யாரிடமும் சொன்னது போல் இல்லை. பிறகு நல்லகாமனைக் கேட்டார். "தெரியாமத்தான செஞ்சீங்க?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் அதற்குத்தான் வழி விட்டார்.

"காரணம் இருக்கும்னு தெரியும் சார். என்ன காரணம்னு தெரியல. தெரியலன்னு உங்ககிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

ரங்கநாயகி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சேலையை எடுத்துக் கொடுத்ததே தான்தான் என்று சொன்னாள். அதுவரை அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை, ஏசிய அன்று அவளுக்கும் இருந்ததோ என்னவோ. ஹீட்டரைக் கழற்றிவிடச் சொன்னார் வெங்கடசுப்பிரமணியன். நல்லகாமன் கழற்றித் துடைத்து, அட்டைப் பெட்டியில் வைத்துக் கட்டிக் கொடுத்தான். சுவரில் நாலு துளை தெரிந்தது. நாளைக்குச் சிமெண்ட் வைத்து அடைத்துவிடுகிறேன் என்றான். வேண்டாம், வேறு ஆளை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்றார் அவர்.

இரண்டாவது வீட்டில் பாதி சொல்வதற்குள் அந்த அம்மாள் கத்த ஆரம்பித்தாள். நாள் முழுக்கத் தாங்களும் குழந்தைகளும் நடமாடுகிற சமையலறைக்குள் இத்தனை வருடம் அவனை விட்டதை எண்ணித்தான் கத்தினாள். மூன்றாவது வீட்டில் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

நாலாவது வீட்டில் வார்த்தைகள் தாமாக வந்தன. எது முதலில், எது பிறகு என்று தடுமாறவில்லை. ஒயரோடு நின்ற இடத்தில் சற்று நிறுத்தினான். சின்னத்தாய் இழுத்துக்கொண்டு வந்து விழுந்ததைச் சொல்லும்போது அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கண் கலங்கியது. வந்து சொன்னீர்களே, யார் சொல்வார்கள் என்றாள். மோர் கொடுத்தாள். குடித்தான். தெருவுக்கு வந்து மொபெட்டை உதைக்கும்போதுதான், அவள் சொன்னதை மனத்துக்குள் இரண்டாம் முறை சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. பாராட்டுக்காகச் சொல்லிவிட்டு வந்தது போல் வெட்கமாக இருந்தது. ஒயரைப் பிரித்துச் செருகிய அன்றுகூட இப்படி இருந்ததில்லை.

ஐந்தாவது வீட்டில் சுபலட்சுமி என்ற பெண்ணுக்குத் தையில் பிரசவம். முன்பே சின்னத்தாயிடம் சொல்லிவைத்து, பிறகு வேண்டாம் என்றவர்கள். சுபலட்சுமியின் தாய்தான் வாசலுக்கு வந்தாள். நல்லகாமன் சுருக்கமாகச் சொன்னான். "ஹீட்டர்ல நான் ஒயர முறுக்கி விட்டதாலதான் அந்தப் புள்ள மயங்குச்சும்மா. சின்னத்தாய் இல்லைன்னா செத்திருக்கும்." நிறுத்திவிட்டான்.

அந்த அம்மாள் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"எங்க அடுப்புல என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?"

ஒன்றும் செய்யவில்லை என்றான். பிரித்துக் காட்டச் சொன்னாள். அவன் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, சிலிண்டரை மூடி, அடுப்பைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பழைய பேப்பரில் வரிசையாக வைத்தான். இது என்ன, இது எதற்கு என்று அவள் கேட்டாள். சொன்னான். குமிழுக்குப் பின்னால் இருந்த ஒரு சிறிய ஸ்பிரிங்கைக் காட்டி, இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்றாள். அதை அவன் நூறு தடவை கழற்றி மாட்டியிருக்கிறான். இல்லாமல் எரியவிட்டுப் பார்த்ததில்லை.

"தெரியாதும்மா" என்றான்.

அவள் முகம் இறுகியது. எல்லாவற்றையும் மாட்டச் சொன்னாள். மாட்டி, எரியவைத்துக் காட்டி, அணைத்துவிட்டு எழுந்தான். சின்னத்தாயைப் பற்றிக் கேட்டான். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் போங்கள் என்றாள்.

கட்டடத்துக்குப் போய் ஐந்து வீட்டிலும் சொல்லிவிட்டதாகச் சின்னத்தாயிடம் சொன்னான். மோர் குடித்ததையும் சொன்னான். அவள் சட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டிருந்தாள். தள்ளி நிற்கச் சொன்னாள். அவன் பலகையின் வழியில் நின்றுகொண்டிருந்தான்.

தையில் சுபலட்சுமிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பதினோராம் நாள் சின்னத்தாய்க்கு ஆள் போயிற்று. அந்தத் தெருக்களில் அடுப்பு பார்க்கச் சோழவந்தான் பக்கமிருந்து வேறொருவன் வர ஆரம்பித்தான். நல்லகாமன் இப்போது வேலைக்குப் பெத்தானியாபுரத்துக்குப் போகிறான். அதற்குக் கோச்சடை வழிதான் குறுக்கு. அங்கே வரும்போது மொபெட்டைக் கொஞ்சம் மெதுவாக விடுவான். வாசலில் நிற்பவர்கள் அவனைப் பார்ப்பார்கள். அவன் சாலையைப் பார்த்துக்கொண்டு போவான்.